சுண்ணாம்பு அடிக்காத வருஷம்

இப்போது யாருக்கும் உடைந்த பொருளைப் பார்க்கப் பொறுமை இல்லை. காட்சியகத்துக்கு வருகிறவர்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் துண்டு துக்காணியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே ஓடுகிறார்கள். உள்ளே எல்லாம் முழுசாக இருக்கிறது. கடல் கொண்டுபோன எங்கள் உப்பளக் குடியிருப்பு, அடுப்புப் புகையோடு. முழுசாக இருந்தால் அது நிஜம் என்று நினைப்பு.

நானும் என் பெண்டாட்டி பேச்சியும் தினமும் காலையில் அங்கே போகிறோம். அவள் போவாள், நான் துணைக்கு.

முக்குளிக்கும் எந்திரங்கள் கடலடியிலிருந்து சுவர்த்துண்டு, மரத்துண்டு எல்லாம் அள்ளி வரும். கிடைக்காததைக் ‘குறைநிரப்பி’ என்கிற கணினி ஊகித்துச் சேர்க்கும். வீட்டில் இருந்தவர்களையும் ஒளியுருவாக நடமாட விடும். இடைவெளி விடக்கூடாது என்பது சட்டம். அந்த வீட்டு ஆள் ஒருவர் ‘சரி’ என்றால் அதுதான் சரித்திரம், பிறகு மாற்ற முடியாது. ‘தப்பு’ என்றால் ஒளியுருவை அணைத்துவிடுவார்கள்.

எங்கள் வாசல்நிலையில் பாதி கிடைத்தது. பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு அடித்து முடித்ததும், மகள் இசக்கியை அந்த நிலையோடு சாய்த்து நிறுத்தி, தலை உயரத்துக்கு அரிவாளால் ஒரு வெட்டுப் போடுவேன். என் இடுப்பு உயரத்தில் வெட்டு நின்றது. மூளைக்காய்ச்சல். சாவு விழுந்த வீட்டுக்கு அந்த வருஷம் பொங்கல் கிடையாது, சுண்ணாம்பும் கிடையாது.

குறைநிரப்பி சுவரைத் துருவிப் பார்த்து ஒரு வருஷத்துப் பூச்சு இல்லை என்று கண்டுபிடித்தது. கடல் அரித்திருக்கும் என்று அதையும் பூசிவிட்டது. நிலையின் மேல்பாதியைத் தானே செய்து, வெட்டுகளை வளர்ந்த பெண் உயரத்துக்கு ஏற்றிவிட்டது. அதனால் உள்ளே இசக்கி இருக்கிறாள். சேலை கட்டி, சொளகில் அரிசி புடைக்கிறாள். பேச்சி எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள்.

அன்றைக்குக் காட்சியகத்துப் பெண் ஷெரின் வந்து, உங்கள் வீட்டையும் கூட்டத்துக்குத் திறக்கவேண்டும், உங்கள் வாய்ச்சொல் வேண்டும் என்றாள். நான் சுவரைக் காட்டி, ஒரு பூச்சு கூடுதல் என்றேன்.

“ஏன் தாத்தா, ஒரு வருஷம் அடிக்காம விட்டீங்களா?”

பேச்சி என் கையைப் பிடித்தாள்.

“இங்கேருங்க. குனிஞ்சா உங்க அம்மை மாதிரியே இருக்கா.”

“அது நம்ம புள்ள இல்லட்டி.”

“எனக்குத் தெரியாதா? கடைசியா குளிப்பாட்டி விட்டது நான்தானே. இருந்துட்டுப் போட்டும்.”

ஷெரினுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிய வைக்க எனக்கும் மனசில்லை. என் பிள்ளை செத்தாள் என்பதற்கு உலகத்தில் மிச்சமிருந்த சாட்சி அந்தப் பூசாத வருஷம் ஒன்றுதான். சரி என்றால் அவள் சாகவே இல்லை என்று ஆகும். அப்புறம் நாங்கள் அழுதது எந்தக் கணக்கில் சேரும்? தப்பு என்றால் பேச்சிக்கு இன்னொரு சாவு.

“சரி” என்றேன்.

கதவு திறந்தது, கூட்டம் உள்ளே வந்தது. என்ன அழகான குடும்பம் என்றார் ஒருவர். இந்தப் பெண்ணுக்குக் குழந்தைகள் இல்லையா என்று ஒருத்தி கேட்டாள். அதையும் குறைநிரப்பி சேர்த்துவிடும் என்று ஷெரின் சந்தோஷமாகச் சொன்னாள். பேச்சி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

அவளை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன். வாசல்பக்கம் கண்ணாடிப் பெட்டியில் எங்கள் நிலையின் நிஜத்துண்டு இருந்தது. எதிரே யாரும் இல்லை. கடைசி வெட்டுக்கு நேராகக் கண்ணாடியில் கையை வைத்தேன். என் இடுப்பு உயரம். அதற்கு மேலே, முறிந்த இடம் வரைக்கும், மரம் வெறுமையாக இருந்தது.

சரி என்று சொன்னது வாய்தான். திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.