மூழ்கப் பார்த்த மீன்

வகுப்பு மீனை விடுமுறைக்கு வீட்டுக்குக் கொண்டுபோகும் முறை இந்தத் தடவை வாலுவுக்கு வந்தது. ஓர் இடத்தில் உட்காரமாட்டாள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். மீன் அவளுக்கு நேர்மாறு. தொட்டியின் அடியிலேயே படுத்துக் கிடக்கும். அதை நுரையீரல் மீன் என்று டீச்சர் சொல்வார். பிள்ளைகள் சோம்பேறி என்பார்கள்.

டீச்சர் வீட்டுப்பாடமும் கொடுத்திருந்தார். "கழுகும் இந்த மீனும் தூரத்துச் சொந்தம். ரெண்டுக்கும் உள்ள ஒரு ஒற்றுமையைக் கண்டுபிடிச்சு எழுதிட்டு வா."

வாலு மண்டையைக் குடைந்துகொண்டாள். அண்ணன் உதவிக்கு வந்தான், அதாவது கிண்டல் பண்ண வந்தான்.

"ரெண்டும் உன்னை மாதிரியே வீட்டுப்பாடம் எழுதாது. அதை எழுதிக்கோ."

வீட்டுக்குக் கீழே இருந்த அப்பாவின் கண்ணாடிக் கடையில், சோம்பேறிக்குப் பெரிய உபசாரம் நடந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பூனை சுற்றிச் சுற்றி வந்ததால், அப்பா அளவெடுத்துத் தொட்டிக்கு ஒரு கண்ணாடி மூடி வெட்டியிருந்தார். மயிரிழை இடைவெளிகூட இல்லை. மீன் தாராளமாக நீந்தட்டும் என்று தண்ணீரையும் விளிம்புவரை நிரப்பியிருந்தார்.

"பாரு, துள்ளி விளையாடுது," என்றார், இறங்கி வந்த பிள்ளைகளிடம் பெருமையாக.

சோம்பேறி மூடியில் மூக்கை முட்டியது. இறங்கியது. மறுபடி வந்து முட்டியது. பள்ளியில் அது அவ்வப்போது தண்ணீருக்கு வெளியே வாயை நீட்டி, 'ப்பக்' என்று சத்தம் போட்டுவிட்டுப் போகும். இங்கே வாயை நீட்ட இடமே இல்லை.

"அண்ணா, ஒரு கழுகை இதுக்குள்ள போட்டு மூடினா என்ன ஆகும்?"

"செத்துடும். நுரையீரலுக்குக் காத்து வேணாமா?"

"இதுக்கும் நுரையீரல் இருக்கே. பேருலயே இருக்கே." அவள் அப்பா பக்கம் திரும்பினாள். "அப்பா, மூடியை எடுங்க. சோம்பேறி மூழ்குது."

"மீன் எங்கயாவது தண்ணியில மூழ்குமாம்மா?"

"இது மூழ்கும்ப்பா. சீக்கிரம் எடுங்க."

மூடி அசையவில்லை. தண்ணீர் அதை இறுகப் பிடித்திருந்தது. பெரிய கண்ணாடிகளைத் தூக்கும் ரப்பர் பிடியை வைத்து அழுத்தி, அப்பா ஒரே இழுப்பாக இழுத்தார். வாலு குவளை குவளையாகத் தண்ணீரை மொண்டாள். அண்ணன் கிண்டலை மறந்து வாளியைப் பிடித்தான்.

சோம்பேறி அடியில் அசையாமல் கிடந்தது. அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு தொட்டியையே பார்த்தார்.

பிறகு அது மெல்ல மேலே வந்தது. வாயை வெளியே நீட்டியது. ப்பக்.

வாலுவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. போன உயிர் திரும்பி வந்தது போல் இருந்தது. அப்பா அப்படியே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நல்லது பண்றதா நெனச்சேனேம்மா."

"பூனை வருதே, மூடி வேணும்தான்ப்பா. அதுல ஓட்டை போட்டுடலாம். தண்ணி பாதி இருந்தா போதும்."

அப்பா துளை போட உட்கார்ந்தார். வாலு தரையில் படுத்துக்கொண்டு எழுதினாள்: 'கழுகும் நுரையீரல் மீனும் காற்றை இழுத்துத்தான் மூச்சு விடும்.'

அண்ணன் எட்டிப் பார்த்தான்.

"அப்பாவையும் சேர்த்துக்கோ," என்றான். "அவரும் இப்பதான் மூச்சு விட்டார்."