பெண்கள் இருட்டறை

இருட்டறைக்குள் நுழைந்ததும் உலகம்மாளுக்கு முதலில் உறைத்தது, வாடை இல்லாததுதான். ரணஜன்னி என்கிற டெட்டனஸ் கண்டவர்களுக்கு ஊசியில் ஏற்றும் மயக்கமருந்து, மூச்சு வழியாகவே வெளியே வரும். அழுகிய பழமும் சாராயமும் கலந்தாற்போன்ற அந்த வீச்சம் நர்சுகளின் சேலையில் ஏறி, சோற்றில் ஏறி, வீடு வரைக்கும் கூடவே வரும். இப்போதோ அறை, மழை கழுவிவிட்ட பாறை மாதிரி இருந்தது.

சாரல் காற்று வாடையைக் கொண்டுபோயிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சன்னல்களில் கறுப்புத் துணியை ஆணி வைத்து அறைந்திருந்ததை அந்த நேரத்துக்கு மறந்துவிடுவது வசதியாக இருந்தது.

குற்றாலம் போகும் சாலையில் இருந்த அந்தத் தரும ஆஸ்பத்திரியில் இருட்டறைகள் இரண்டு. ரணஜன்னிக்கு வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது. ஒரு தம்ளர் உருண்டால் போதும், உடம்பு வில்லாய் வளைந்து பல் கிட்டிவிடும். அந்த நேரம் யாராவது ஒருச்சாய்த்துப் பிடித்து, தொண்டையில் சேரும் எச்சிலை ரப்பர் குழாயால் இழுத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஆள் தன் எச்சிலிலேயே முங்கிப்போக வேண்டியதுதான்.

ஆண்கள் அறையில் எந்நேரமும் ஒரு நர்ஸ் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். சம்பாதித்துப் போடுகிற உயிர்கள் அல்லவா! பெண்கள் அறைக்கும் பிரசவ வார்டுக்கும் சேர்த்து உலகம்மாள் ஒருத்தி. ஆண்களில் பாதிப்பேர் நடந்து வீடுபோய்ச் சேர்ந்தார்கள். பெண்களை அநேகமாக மாட்டுவண்டிதான் கொண்டுபோனது. பெரிய டாக்டர் நெல்லையப்பன் இதை ஆராய்ந்து, பெண்ணுடம்பு இயல்பிலேயே திராணியற்றது என்று கண்டுபிடித்தார். திருநெல்வேலி மாநாட்டில் அதை வாசித்து மாலையும் வாங்கினார். நாற்காலியை அவர் ஆராயவில்லை.

கட்டிலில் இருந்தவள் அச்சன்புதூர் இராமலட்சுமி. தலைப்பிரசவத்தில் ஏறிய விஷம். பிள்ளை தேறிவிட்டது, ஆனால் அது அழுதால் தாய்க்கு இழுக்கிறது என்று, அவளுடைய அம்மை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடிச் சத்திரத்தில் கிடந்தாள். இழுப்பு கொஞ்சங்கொஞ்சமாக விட்டுக்கொண்டு வந்தது. இந்த வாரம் தாண்டிவிட்டால் பிழைத்துக்கொள்வாள் என்று உலகம்மாள் நம்பத் தொடங்கியிருந்தாள்.

அன்று காலையில்தான் சேர்மன் தளவாய் ஐந்தருவியில் வழுக்கி விழுந்தார். அவர் தாத்தா பேரில் ஓடுகிற ஆஸ்பத்திரி. முழங்காலில் ஒரு வெற்றிலைக்குக் காணாத சிராய்ப்பு. அதற்கு மூன்று நர்ஸ். உலகம்மாள் கைராசிக்காரி என்று டாக்டரே வந்து வாசலில் நின்றார்.

"இவளை விட்டு நகர முடியாது சார். குழாய் போட ஆள் இல்ல," என்று கிசுகிசுத்தாள்.

"அவ அம்மை பாத்துக்கிட மாட்டாளா? சேர்மனுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்லுதது?"

இறுகிய பற்களுக்கிடையே கட்டிலிலிருந்து சொல் கசிந்தது. "போயிராதீய அக்கா."

"இந்தா வந்துருதேன் தாயி."

வர முடியவில்லை. ஆண்டறிக்கைக்குப் போட்டோ எடுக்க வேண்டும். சின்னக் கட்டு படத்தில் எடுபடாது என்று தொடைவரைக்கும் சுற்றச் சொன்னார்கள். போட்டோக்காரர் தென்காசியிலிருந்து சாரலில் காமிராவைப் பொத்திக்கொண்டு சைக்கிள் மிதித்து வந்து சேரும்வரை, பெண்களுக்கு ஆண்டவன் கொடுத்த கருணையைப் பற்றிச் சேர்மன் பேசிக்கொண்டிருந்தார். உலகம்மாள் அவர் காலைப் பிடித்தபடியே நின்றாள்.

இப்போது இருட்டைத் துழாவிக்கொண்டு போய்க் கட்டில் பக்கத்தில் மண்டியிட்டாள். கையைத் தேடினாள். கை அவளைத் தேடி வந்து பிடித்துக்கொண்டது.

விறைப்பே இல்லை. விரல்கள் பிசைந்த மாவு போல இளகியிருந்தன. இழுப்பு விட்டுவிட்டது என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சத்தம் வரக்கூடாதே என்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். பிறகு மெல்லப் பேசினாள். பிள்ளை நல்லாப் பால் குடிக்கிறது, உன் மூக்குதான் அதுக்கு, எழுந்து உட்கார்ந்ததும் மடியில் கொண்டுவந்து போடுகிறேன் என்றாள். கை ஒருமுறை அழுத்தியது. கேட்டுக்கொள்கிறாள்.

வெளியே ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. அதைத் தவிர ஒரே ஒரு மூச்சுச் சத்தம். அது தன்னுடையது என்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மூச்சை அடக்கினாள்.

ஒன்றுமில்லை.

இன்னொரு கையை நீட்டி நெற்றியைத் தேடினாள். இரும்புச் சட்டம். இன்னும் தள்ளி. இரும்பு. தலையணை இல்லை. மெத்தை இல்லை. குளிர்ந்த இரும்பு.

வாசல் திரை விலகியது. ஆயா முப்பிடாதி, பினாயில் வாளியோடு.

"யாருகிட்டப் பேசுதீய அக்கா? அவ அப்பமே அடங்கிட்டால்லா. அம்மை வந்து வண்டியில கொண்டுபோயிட்டா. உங்களக் கூப்பிட ஓடியாந்தேன். போட்டோ எடுக்காவன்னு உள்ள விடல."

சாம்பல் வெளிச்சம் கட்டில்மேல் விழுந்தது. வெறுஞ்சட்டம். அதன்மேல் பிடிபட்டுக் கிடந்த தன் கையை உலகம்மாள் பார்த்தாள். தோலில் நான்கு பள்ளங்கள். ஒவ்வொன்றும் ஒரு விரல் அகலம். உள்ளே ஒன்றுமில்லை. பள்ளங்கள் ஆழமாகிக்கொண்டிருந்தன; சுற்றிலும் சதை வெளுத்துக்கொண்டு வந்தது. இழுத்துப் பார்த்தாள். கை வரவில்லை.

முப்பிடாதியும் பார்த்தாள். வாளியைத் துளிச் சத்தமும் வராமல் தரையில் வைத்தாள். பின்பக்கமாகவே வாசலுக்கு வெளியே நகர்ந்து, கறுப்புத் திரையை மெதுவாக, மிக மெதுவாக இழுத்து மூடினாள்.