தெற்குக் கரைப் புத்தகம்

அப்பாவின் கால்களைத் துடைக்கப் போர்வையை விலக்கிய துளசி, அவருடைய இரண்டு குதிகால்களிலும் ஈரமான கறுப்பு மண் அப்பியிருப்பதைப் பார்த்தாள். பக்கவாதத்தில் அவர் விழுந்து பதினொரு மாதமாகிறது. பினாங்குத் தீவில், ஜெலுத்தோங்கில் இருந்த அந்தச் சின்ன வரிசை வீட்டைச் சுற்றி அப்படிப்பட்ட மண்ணே கிடையாது. முன்னால் சிமெண்டுத் தரை, பின்னால் வடிகால். அப்பாவைப் பார்த்துக்கொள்ள வரும் ரொஸ்னா, காலையில் துடைத்தபோது சுத்தமாகத்தான் இருந்தது என்று மலாயில் சொன்னாள்.

அறையில் ஒரு வாடை வேறு. மருந்தும் பவுடரும் மணக்கும் அந்த அறையில், நாலு நாளாக, தேங்கிய தண்ணீரில் மட்டைகள் அழுகும் வாடை மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. ஜன்னலைத் திறந்து வைத்தால் அது வெளியே போவதில்லை. திரைச்சீலைக்குள் போய் ஒதுங்கிக்கொண்டது.

நாலு நாளைக்கு முன்புதான் பேப்பரில் வந்த அறிவிப்பை அவள் அப்பாவுக்குப் படித்துக் காட்டியிருந்தாள். கடலுக்கு அக்கரையில், நிபோங் திபாலுக்குத் தெற்கே அவர் பிறந்த தோட்டத்தில் தொழிற்பேட்டை வருகிறது. அங்குள்ள இடுகாடுகளைக் காலி செய்கிறார்கள். சொந்தக்காரர்கள் பதினான்கு நாளுக்குள் வந்து எலும்புகளை எடுத்துக்கொள்ள வேண்டும். அப்பாவின் ஒரே தம்பி மெய்யநாதன், ஆறு வயதில் தண்ணீரில் மூழ்கி இறந்தவர், அங்கேதான் கிடந்தார் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

அப்பா கண்ணைக் கூரையிலிருந்து அவள் பக்கம் திருப்பினார். பிறகு கோணிய வாயால் சொன்னார்.

"தம்பிய மட்டும் எடு. தெக்கால போவாத."

அவர் அந்தத் தோட்டத்தைப் பற்றி வாய் திறந்ததே அன்றுதான். கடலைத் தாண்டிப் பெருநிலத்துக்கு அவர் போனதும் இல்லை. தாசேக் கெலுகோரில் நடந்த துளசியின் நிச்சயதார்த்தத்துக்குக்கூட வரவில்லை. பெண்ணின் அப்பா இல்லாமல் தட்டு மாற்றுவதா என்று மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொண்டு, அந்தச் சம்பந்தமே முறிந்தது. அவளுக்கு வருத்தம் இருந்தது; கோபம் வரவில்லை. அம்மா போன பிறகு தலை வாரிப் பின்னிவிட்டு, சைக்கிளில் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்ட மனிதர் அவர்.

சூலியா தெருவை ஒட்டிய ஒரு நில அளவையாளர் ஆபீசில் துளசி வரைபடம் வரைபவள். பழைய வரைபடம் அவளுக்குச் சுலபமாகக் கிடைத்தது. தோட்டத்தின் நடுவே ஓர் அகலமான வாய்க்கால் ஓடியது. தோட்டத்து ஜனங்கள் அதைப் பாரிட் என்பார்கள். அதுவே இரண்டு மாநிலங்களுக்கும் எல்லை. வடகரை பினாங்கு, தென்கரை பேராக். கரைக்கொரு இடுகாடு, இடுகாட்டுக்கொரு பெயர்ப்பதிவுப் புத்தகம்.

வடகரைப் புத்தகம் தோட்டத்துக் கோயில் அலமாரியில் இருந்தது. கரையான் தின்றது போக மிச்சமிருந்த பக்கத்தில் அவள் தேடிய வரி கிடைத்தது. மெய்யநாதன், வயது ஆறு, அக்டோபர் 1962. அதன் ஓரத்தில் வேறு மையில் ஒரு குறிப்பு.

'அண்ணனுக்குத் தெற்குப் புத்தகம் பார்க்கவும்.'

துளசி அதை இரண்டு முறை படித்தாள். மெய்யநாதனுக்கு ஒரே அண்ணன்தான், அவள் அப்பா. ஜெலுத்தோங்கில், ரொஸ்னா ஊட்டிய கஞ்சியைக் குடித்துவிட்டு, இப்போது தூங்கிக்கொண்டிருப்பார்.

தென்கரைப் புத்தகம் பாரிட் புந்தாரில், பழைய கிராணி பக்கிரிசாமி வீட்டில் இருந்தது. தோட்டத்துக் கணக்கும் பெயர்ப்பதிவும் எழுதியவர். எண்பத்தைந்து வயதாகியும் பார்வை கூர்மையாக இருந்தது. அவள் தன் அப்பாவின் பெயரைச் சொன்னதும் புத்தகத்தை எடுக்கப் போன கை நின்றது.

"கருப்பையா மவளா? அவரு... இருக்காரா?"

"இருக்காருங்கையா. ஸ்ட்ரோக் வந்து படுத்திருக்காரு."

அவர் புத்தகத்தை எடுத்துப் பக்கத்தைத் திருப்பி அவள் முன்னால் வைத்தார். கருப்பையா, வயது எட்டு. அதே அக்டோபர் 1962.

"என் கையெழுத்துதாம்மா. அப்ப எனக்கு இருபத்திரெண்டு வயசு. ரெண்டு பயலும் ஒன்னாதான் பாரிட்ல விழுந்தானுங்க. சின்னவன் வடகரையில ஒதுங்குனான், பெரியவன் இந்தப் பக்கம், தென்கரையில. பொணத்த எல்லை தாண்டிக் கொண்டு போனா ரெண்டு ஸ்டேட்டு பெர்மிட்டும் வேணும். கொட்டுற மழையில யாரு காத்திருக்கிறது? அங்கங்கயே பொதச்சிட்டோம்."

"அப்போ எங்கப்பா?"

பக்கிரிசாமி வாசல் பக்கம் பார்த்தார். குரல் இறங்கியது.

"மூணாம் நாளு பால் தெளிக்கப் போனோம். பெரியவன் பாரிட் கரையில உக்காந்திருந்தான். சொட்டச் சொட்ட நனஞ்சு. அவங்கம்மா ஓடிப் போயி தூக்கிக்கிட்டா. யாரும் ஒன்னும் கேக்கல. அடுத்த வாரமே தீவுக்குக் குடி போயிட்டாங்க."

"குழியத் தோண்டிப் பாக்கலையா?"

"பாக்கலாம்னுதான் வேலை வாங்குற மண்டோர் சொன்னாரு. யாருக்கும் துணிச்சல் வரல லா."

தவறு நடந்திருக்கும் என்று துளசி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வேறு யாரோ வீட்டுப் பையன். மழை, சேறு, அடையாளம் தெரியாத முகம். காரோட்டிக்கொண்டே இதை எத்தனை முறை சொன்னாளோ தெரியாது. மறுநாளே இரண்டு இடத்துக்கும் உரிமை கோரிக் கையெழுத்துப் போட்டாள். தென்கரைக் குழி காலியாக இருக்க வேண்டும். அது போதும் அவளுக்கு.

சனிக்கிழமை பிற்பகல் தோண்டினார்கள். காற்றே இல்லை. செம்பனை மட்டைகள் அசையாமல் தொங்க, மண்வெட்டி இறங்கும் சத்தம் மட்டும் பாரிட் தண்ணீரின் மேல் போய்த் திரும்பி வந்தது. வடகரையில் சிறிய மண்டையோட்டுத் துண்டும் சில பற்களும் கிடைத்தன. பிறகு பலகைப் பாலத்தைக் கடந்து தென்கரைக்குப் போனார்கள். நாலடி ஆழத்தில் மண்வெட்டி நின்றது. வேலையை நடத்திய ஹஸ்ருல் குழிக்குள் குனிந்து பார்த்து, அவளை நோக்கி இரண்டு விரலைக் காட்டி மலாயில் சொன்னான்.

"அடா, காக். டுவா-டுவா."

இருந்தது. இரண்டிலும் இருந்தது.

தென்கரைக் குழியில் கிடைத்தவை அளவில் கொஞ்சம் பெரியவை. அவற்றோடு ஒரு வெள்ளி அரைஞாண், கறுத்துப்போய். அதில் கோத்திருந்த தகட்டில் ஒற்றை எழுத்து. 'க'. துளசி அதைக் கட்டைவிரலால் தேய்த்தாள். எழுத்து மாறவில்லை.

நாளைக்கு இரண்டு குழிகளையும் மூடிவிடுகிறோம் என்றான் ஹஸ்ருல். அவள் தலையசைத்தாள். வெள்ளைத் துணி கட்டிய இரண்டு மண்பானைகளைப் பின் இருக்கையில் வைத்து, கடல் பாலத்தின் வழியே தீவுக்குத் திரும்பினாள். வானம் மங்கத் தொடங்கியிருந்தது. கடலும் அதே நிறத்தில்.

வீட்டை அடைந்தபோது ரொஸ்னா பையுடன் தெருவில் நின்றாள். உள்ளே போக மாட்டேன் என்றாள். ஐயா மூன்று மணியிலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறார். நன்றாகப் பேசுகிறார். ஆனால் அவர் குரலில் இல்லை.

மூன்று மணி. தென்கரைக் குழியைத் திறந்த நேரம்.

துளசி உள்ளே போனாள். கூடத்தில் விளக்கு இல்லை. வாடை தொண்டைக்குள் இறங்கியது. கட்டிலில் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முதுகுக்குத் தலையணை இல்லாமல்.

"ரெண்டு பேரையும் எடுத்துட்டியா?"

வாய் கோணவில்லை. சின்னப் பையனின் குரல்.

"எடுத்துட்டேன்."

"குழிய மூடிட்டாங்களா?"

"இல்ல. நாளைக்குத்தான்."

"அப்ப ரெண்டும் காலியா இருக்கு."

ஓட வேண்டும். கதவு திறந்தே இருந்தது. ஆனால் கேட்டுவிட்டாள்.

"நீங்க யாரு?"

அவர் அவளைப் பார்த்தார். தலை பின்னி முடித்ததும் தோளைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பாரே, அதே பார்வை. அதே பாசம். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"ஒன் அப்பாதான் தாயி. ஒன்னப் பெத்தது நான்தான். அதுல பொய்யில்ல. பாரிட்லருந்து ஏறி வந்தேன், ரெண்டு குழியிலயும் அந்தப் பயலுங்க கெடந்தானுங்க. எடம் இல்லாமதான் இவ்ளோ நாளு மேல இருந்தேன்." கால்களைத் தரையில் ஊன்றினார். எழுந்தார். "இப்ப ரெண்டு எடம் இருக்கு. எனக்கு ஒன்னு, அது போதும்னுதான் தெக்கால போவாதன்னேன். என் ரத்தம் நீ, ஒனக்கு ஒன்னு."

கையை நீட்டினார்.

வேண்டாம் என்று அவள் சொன்னாள். சொன்னதாகத்தான் நினைத்தாள். சத்தம் வரவில்லை. அவளுடைய வலது கை எழும்பிப் போய் அவர் உள்ளங்கையில் உட்கார்ந்தது. குளிர். வழவழப்பு. கால்கள் நடந்தன. கூடம். வாசல். ரொஸ்னா ஏதோ கத்தினாள். கார்க் கதவு திறந்து மூடியது.

கடல் பாலத்தில் வாகனங்கள் நிறைந்திருந்தன. பக்கத்துக் காரில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டு போயிற்று. துளசி கத்தினாள், உதடு பிரியவில்லை. அவள் கைகள் ஸ்டீரிங்கைச் சீராகப் பிடித்திருந்தன. கண்ணாடியில் பின் இருக்கை தெரிந்தது. இரண்டு பானைகளுக்கும் நடுவே அப்பா. பானைக்கொரு கை. ஊருக்குத் திரும்பும் பையனைப் போல ஜன்னலில் நெற்றியை ஒட்டி, தண்ணீரையே பார்த்துக்கொண்டு.

பாலம் முடிந்தது. அவள் விரல் தானாக சிக்னலைத் தட்டியது.

தெற்கே.