எறும்பு வரும் வழி

வெள்ளிக்கிழமை காலையில் ஜாய்ஸ் காபி டம்ளரோடு படுக்கையறைக்குள் போனபோது அவள் கணவன் இன்பசேகரன் கட்டிலில் உட்கார்ந்து போர்வையிலிருந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தான். இரண்டு விரலால் கிள்ளி எடுத்து, கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்து, கட்டிலுக்கு வெளியே உதறினான். மறுபடி கிள்ளினான். போர்வையில் ஒன்றும் இல்லை. நேற்றுத்தான் துவைத்து, வெயிலில் காயப்போட்டு எடுத்தது.

"என்ன பண்றீங்க?"

"எறும்பு," என்றான். "எம்புட்டு எறும்பு பாரு."

அவள் குனிந்து பார்த்தாள். போர்வையின் நீலக் கட்டங்கள்தான் இருந்தன. டம்ளரை நீட்டினாள். அவன் கை நடுங்கிய நடுக்கத்தில் பாதிக் காபி மடியில் கொட்டியது. சூடு அவனுக்கு உறைக்கவே இல்லை. அது ஒன்றுதான் அவளுக்குக் கொஞ்சம் சரியாகப் படவில்லை.

மற்றபடி அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். அவர்கள் கோயில் பங்கில் பாதி ஆம்பளைகள் திருநீற்றுப் புதன் அன்று நெற்றியில் சாம்பல் பூசியதும் குடியை நிறுத்துவார்கள். தவக்காலம் முழுக்க யோக்கியர்களாக இருந்துவிட்டு, ஈஸ்டர் பூசை முடிந்த கையோடு எல்லாவற்றுக்கும் சேர்த்துக் குடித்துத் தீர்ப்பார்கள். இன்பசேகரனுக்கு அந்த யோக்கியமும் வாய்த்ததில்லை. ஒவ்வொரு வருடமும் நெற்றிச் சாம்பல் உதிர்வதற்குள் கடை வாசலில் நிற்பான். இந்த வருடம்தான் மூன்றாம் நாளைத் தொட்டிருக்கிறான். செவ்வாய்க்கிழமை இரவே வீட்டிலிருந்த பாட்டில்களையெல்லாம் அவள் கழுவுதொட்டியில் கவிழ்த்துவிட்டாள். பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, கேட்டைப் பூட்டிச் சாவியை ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

டாக்டர் சொன்னது ஞாபகம் இல்லாமல் இல்லை. பொங்கல் சமயத்தில் அவன் கால் இரண்டும் வீங்கி, கண் மஞ்சள் பூத்து, வயிறு தம்பட்டம் போல ஆனபோது மதுரைக்குள் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, ஈரல் பாதி போய்விட்டது, குடியை விட்டே ஆகவேண்டும் என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார்: "ஆனா வீட்ல வச்சு ஒரேயடியா நிறுத்திராதீங்க. வருஷக்கணக்கா குடிச்ச ஒடம்பு. பட்டுனு நிறுத்துனா வலிப்பு வரும், புத்தி பெரண்டு போகும், உசுருக்கே ஆபத்து. அட்மிட் பண்ணுங்க, மருந்து குடுத்து நிறுத்துவோம்."

ஒத்தக்கடைக்குத் திரும்புகிற பஸ்ஸில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. குடிகாரனுக்கு டாக்டரே சாக்கு எடுத்துக் கொடுக்கிறார். விஷத்தை நிறுத்தினால் யாராவது சாவார்களா? தவிர, மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர் புருஷன் குடி வார்டில் கிடக்கிறான் என்று ஊர் பேசவா? பேசாமல் தவக்காலம் வரட்டும் என்று காத்திருந்தாள்.

பத்து மணி வாக்கில் அவன் அவளைக் கூப்பிட்டு எறும்பு வரும் வழியைக் காட்டினான். ஜன்னல் மூலையிலிருந்து கிளம்பி, திரு இருதய ஆண்டவர் படத்தின் மேல்சட்டம் வழியாக ஏறி, காலண்டருக்குப் பின்னால் இறங்கி, சுவிட்ச் போர்டை ஒரு சுற்றுச் சுற்றி, தரைக்கு வந்து, கட்டிலின் வலது கால் வழியாக மேலே. ஆள்காட்டி விரல் நடுங்கிக்கொண்டே அந்த வழியை வரைந்தது. அவள் சுவரில் உள்ளங்கையை வைத்துத் தடவினாள். காலண்டரைத் தூக்கிப் பார்த்தாள். செல்போன் வெளிச்சத்தைக் கட்டில் காலில் அடித்தாள். சுண்ணாம்பு, ஆணி, கொஞ்சம் தூசி.

"ஒண்ணுமில்ல. படுங்க."

"ஒன் பையில சாக்பீஸ் இருக்கும்ல. கட்டிலச் சுத்தி ஒரு கோடு போட்டுரு ஜாய்ஸு."

"எறும்புமில்ல, கோடுமில்ல. சும்மா கெடங்க."

மத்தியானம் அறையில் ஒரு வாடை ஏறியது. வியர்வையின் புளிப்பும், அழுகின பழத்தின் தித்திப்பும் கலந்த வாடை. ஜன்னலைத் திறந்துவைத்தும் அது போகவில்லை. மேலூர் ரோட்டில் பஸ் போகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் அவன் திடுக்கிட்டு எழுந்தான். கட்டிலின் இரும்புச் சட்டம் அவன் நடுக்கத்தில் கிணுகிணு என்று இடைவிடாமல் அதிர்ந்தது. அடுப்படியில் கஞ்சி கிளறிக்கொண்டிருந்தவளுக்கு அந்தச் சத்தம் பல்லில் போய்க் கூசியது. அவன் வழியைச் சொல்லிக்கொண்டே இருந்தான். ஜன்னல், படம், காலண்டர், சுவிட்ச், கால். ஒரு தடவைகூட மாற்றிச் சொல்லவில்லை. உளறுகிறவன் மாற்றி மாற்றியல்லவா உளற வேண்டும்?

அவள் கஞ்சியோடு போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவன் அவள் கழுத்தையே பார்த்தான். மஞ்சள் கண் விரிந்தது.

"ஒன் மேலயும் ஏறுது."

சொல்லி முடிப்பதற்குள் அறைந்தான். கழுத்தில் ஒன்று, காதோரம் ஒன்று. கஞ்சிக் கிண்ணம் சுவரில் பட்டுத் தெறித்தது. வெறுப்பில் அடிக்கிற அடியாக அது இல்லை. காப்பாற்றுகிற வேகத்தில் அடித்தான். அதுதான் அவளைப் பயமுறுத்தியது. வெளியே ஓடிவந்து, தாழ்ப்பாளைப் போட்டுவிட்டுத் தம்பிக்குப் போன் செய்தாள்.

அவள் தம்பி ஜூடு ஜெபக்குழுவில் இருப்பவன். கையில் ஜெபமாலையோடு வந்து, கதவைத் திறந்து எட்டிப்பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

"நல்ல அடையாளந்தான்க்கா. பேய் போறப்ப கொப்ப ஒடிச்சிட்டுத்தான் போகும்."

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவமாடா? டாக்டர் ஒரு பேச்சு சொன்னாரு."

"அங்க போனா ஊசியப் போட்டு மயக்கி, மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிப்பாங்க. மூணாம் நாளத் தொட்டாச்சு. இப்பப் போய் விடுவாங்களா?"

அவளுக்கும் அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது. மூன்று நாள். இவ்வளவு தூரம் அவன் வந்ததே இல்லை.

ஜூடு துண்டைக் கிழித்து இன்பசேகரனின் வலது கையைக் கட்டில் சட்டத்தில் கட்டினான். இடது கைக்கு ஆள் வேண்டியிருந்தது. ஜாய்ஸ் வந்து பிடித்தாள். அவன் தோல் கொதித்தது. அப்போது மட்டும் இன்பசேகரன் அவளை அடையாளம் கண்டான். குரல் பழைய குரலாக வந்தது.

"கையக் கட்டாத ஜாய்ஸு. கை இல்லேனா எப்படித் தட்டி விடுவேன்?"

இரண்டாவது முடிச்சை அவளே போட்டாள். இறுக்கித்தான் போட்டாள். கழுத்து இன்னும் எரிந்தது.

சாயங்காலம் கோயிலில் சிலுவைப் பாதை. கதவைத் தாழிட்டு, ஜூடுவின் பைக்கில் ஏறிப் போனாள். அவனுக்காக வேண்டிக்கொள்ளத்தான் போகிறோம் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். சுவரிலிருந்த பாடுகளின் படங்கள் முன்னால் ஒவ்வொரு தலமாக நகர்ந்து முழங்கால் போட்டார்கள். மூன்றாம் தலத்தில், ஆண்டவர் சிலுவையோடு முதன்முறை விழுகிற இடத்தில், அவள் கழுத்தில் ஏதோ ஊர்ந்தது. தட்டினாள். விரலில் ஒன்றுமில்லை. வேர்வை என்று நினைத்தாள். அடுத்த தலத்தில் முதுகில் ஊர்ந்தது. அதற்கடுத்ததில் முழங்கையில். பக்கத்தில் முழங்கால் போட்டிருந்த அம்மாள் திரும்பிப் பார்த்தாள். ஜாய்ஸ் கையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். ஜெபம் எதுவும் வாயில் வரவில்லை. ஜன்னல், படம், காலண்டர் என்றுதான் வந்தது.

ஜூடு கேட்டில் இறக்கிவிட்டுப் போனான். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஆனைமலை கறுத்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் கட்டிலின் கிணுகிணு கேட்கவில்லை. நின்றிருந்தது.

தூங்கிவிட்டான், என்று அவள் சொன்னாள். வாய்விட்டே சொன்னாள். தேறிவிட்டான். செருப்பைக் கழற்றினாள். முகம் கழுவினாள். பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்தாள், பற்றவைக்கவில்லை. தாழ்ப்பாளுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"என்னங்க."

மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும்.

தாழ்ப்பாளை விலக்கினாள். சுவிட்ச் போர்டுக்குக் கையை நீட்டினாள். ஏதோ கடித்தது. சுருக்கென்று, நிஜமாக.

விளக்கு எரிந்தது.

ஜன்னல் மூலையிலிருந்து கிளம்பியிருந்தன. திரு இருதயப் படத்தின் மேல்சட்டம். காலண்டருக்குப் பின்னால். சுவிட்ச் போர்டைச் சுற்றி ஒரு வளையம். அவள் விரலும் அந்த வளையத்துக்குள் இருந்தது. பிறகு தரை. சுவரோரம் கஞ்சி சிந்திக் காய்ந்திருந்தது. அதை அவை தொடவில்லை. நேராகக் கட்டிலின் வலது காலுக்குப் போயின. மேலே.

கட்டிய கையின் ஆள்காட்டி விரல் சுவரைப் பார்த்து நீட்டியிருந்தது. அந்த விரலின் மேல் ஏறின. முடிச்சின் மேல் ஏறின. கழுத்து. வாயோரம் ரத்தம் உலர்ந்திருந்தது. அங்கேயும் நிற்கவில்லை. கண் திறந்திருந்தது. கண்ணுக்குத்தான் போய்க்கொண்டிருந்தன. இமை மூடவில்லை. மஞ்சள் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்துக்கொண்டு வந்தது.

மணிக்கட்டில் துண்டு தோலை அறுத்திருந்தது. கடைசி வரைக்கும் இழுத்திருக்கிறான்.

முடிச்சை அவிழ்க்க அவளுக்குத் தோன்றவில்லை. யாரையும் கூப்பிடவும் தோன்றவில்லை. பள்ளிக்கூடப் பை வாசல்படி ஓரத்தில் இருந்தது. அதிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்தாள். தரையில் முழங்கால் போட்டாள். கட்டிலைச் சுற்றிக் கோடு இழுத்தாள். எறும்புகள் கோட்டைத் தாண்டின. இன்னொரு கோடு இழுத்தாள். அதையும் தாண்டின.

"இதோ போட்டுட்டேங்க," என்றாள். "போட்டுக்கிட்டே இருக்கேன்."

சாக்பீஸ் தேய்ந்து நகம் தரையில் உராய்ந்தது. மேலே கட்டிலின் இரும்புச் சட்டம் கிணுகிணு என்று அதிரத் தொடங்கியது. அவள் நிமிர்ந்து பார்க்காமல் அடுத்த கோட்டை இழுத்தாள்.