சேற்றில் நின்ற பிள்ளை

உப்பளத் தொழிலாளி கன்னியப்பன் மண்வெட்டியின் முதுகால் வரப்பை ஓங்கி அறைந்தார். பக்கத்துப் பாத்தியில் நின்ற உள்ளான்களில் ஒன்றுகூட எழும்பவில்லை. ஒரு நாய் குரைத்தாலே கூட்டமாக எழும்பி வானத்தை மறைக்கும் பறவைகள் அவை. இப்போது ஆயிரத்துக்குக் குறையாமல், மழைத்தண்ணீர் தேங்கிய உப்புப்பாத்தியில் நின்றபடி, எல்லாம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தன.

"ஒரு மாசமா இப்படித்தான் சார் இருக்குது. பொழுது சாஞ்சா எதுக்கும் அசையறதில்ல. நாங்களே அஞ்சு மணிக்குக் கரையேறிடறோம். நீங்களும் சீக்கிரம் கிளம்பிடுங்க."

ராஜாங்கத்திடம் சொல்லிவிட்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பாத்தியைச் செப்பனிடும் வேலை பாதியில் கிடந்தது.

ராஜாங்கம் கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். மரக்காணம் உப்பளத்துக்கு வலசை வரும் பறவைகளை வருஷாவருஷம் கணக்கெடுப்பவர். குடும்பத்தையும் காரில் ஏற்றிக்கொண்டு வருவார். அவருக்கு வேலை, பிள்ளைகளுக்குப் பூநாரை. போன பொங்கலுக்கு மட்டும் வரவில்லை. அதற்குச் சில நாள் முன்பு, 2004 டிசம்பரில் கணக்கெடுக்க வந்திருந்த அந்தச் சுனாமி ஞாயிற்றுக்கிழமைக் காலையில், எட்டு வயசு சதீஷை இதே இடத்தில் கடல் கொண்டுபோயிருந்தது. உடல் கிடைக்கவில்லை.

ஒரு விஷயம் அவர் மனைவி கலைமதிக்கு இன்றுவரை தெரியாது. அன்று பறவைகள் எல்லாம் ஒரே வீச்சில் எழும்பின. சதீஷ்தான் ஓடி விரட்டிவிட்டான் என்று ராஜாங்கம் நினைத்தார். தூரத்தில் முகத்துவாரத்தில் நின்றவனைப் பார்த்து உள்ளங்கையை உயர்த்திக் காட்டினார். அசையாதே, சத்தம் போடாதே. பறவை பார்ப்பதற்காக அவரே சொல்லிக்கொடுத்த சைகை அது. சதீஷ் சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை. நின்றான். அவர் உயரமான வரப்பில் குனிந்து நோட்டில் எண்ணிக்கையை எழுதினார். நிமிர்ந்தபோது தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பாவி மனுஷன், அந்த ஒரு கையைத் தூக்காமல் இருந்திருக்கலாம்.

இந்தப் பொங்கல் விடுமுறைக்கும் வரவேண்டாம் என்றுதான் இருந்தார். மகள் செந்தமிழ்தான் பூநாரை பார்த்தே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தாள். அவளுக்கும் இப்போது எட்டு வயசு. அண்ணனின் அதே உயரம். மத்தியானமே ரோட்டிலிருந்து பறவைகளைக் காட்டிவிட்டு, அம்மாவும் மகளும் காரைவிட்டு இறங்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

வெளிச்சம் மங்கியது. சேற்றின் அழுகல் வாடையும் உப்பின் கசப்பும் காற்றோடு ஏறி வந்து தொண்டையில் உட்கார்ந்துகொள்ள, எங்கோ மதகுக்குள் தண்ணீர் புகுந்து புகுந்து வெளியேறும் களக் களக் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்க, அவர் தொலைநோக்கியை மெல்லத் திருப்பியபடி பூநாரைகளைப் பத்துப் பத்தாக எண்ணி வந்தார். முந்நூற்றுப் பத்து. முந்நூற்று இருபது. அப்புறம் கை நின்றுவிட்டது.

பூநாரைகளுக்கு நடுவில் ஒரு பிள்ளை.

முழங்கால் அளவுத் தண்ணீர். முதுகைக் காட்டி நின்றது. மங்கலில் உடுப்பின் நிறம் தெரியவில்லை. உயரம் தெரிந்தது. காரிலிருந்து இறங்கி வந்துவிட்டாள்.

அவர் கை தானாக உயர்ந்தது. பதறி இறக்கினார்.

"செந்தமிழ்! ஓடி வாம்மா! ஓடி வா!"

தொண்டை கிழியக் கத்தினார். ஒரு பறவையும் எழும்பவில்லை. பிள்ளையும் அசையவில்லை.

ஓடினார். சேறு செருப்பைப் பிடுங்கிக்கொண்டது. பூநாரைகள் பறக்காமல், கல்யாண வீட்டுக் கூட்டம் மாதிரி நகர்ந்து வழிவிட்டன. வாரித் தூக்கினார். சில்லென்று இருந்தது. உடுப்பிலிருந்து தண்ணீர் வடிந்தது. வடிவது நிற்கவே இல்லை. பிள்ளை அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"பயந்துட்டியாம்மா? அப்பா கூப்ட்டது கேக்கலியா?"

கழுத்தில் மூச்சுக்காற்றும் படவில்லை. வரப்பை நோக்கி நடந்தார்.

"ஏங்க!" வரப்பின் மேல் டார்ச் வெளிச்சம். கலைமதியின் குரல். "இருட்டினு வருதே, இன்னும் காணோமேன்னு பாத்தா... யாரைத் தூக்கினு வர்றீங்க?"

அவள் கையைப் பிடித்தபடி செந்தமிழ் நின்றாள்.

ராஜாங்கம் சேற்றிலேயே நின்றுவிட்டார். தோளில் கிடக்கும் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. பார்க்கவும் தேவையில்லை. தூக்கி வளர்த்த பிள்ளையின் கனம் அப்பனுக்குத் தெரியாதா? போட்டுவிட்டு ஓடு என்றது உடம்பு. இன்னொரு தடவை விட்டுவிடுவாயா என்றது மனசு. இறுக்கிக்கொண்டார். அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அப்பாவ மன்னிச்சிடுப்பா..."

"அண்ணா!"

செந்தமிழ் அம்மாவின் கையை உதறிவிட்டு வரப்பிலிருந்து குதித்தாள். கலைமதி அலறினாள். ராஜாங்கம் வராதே என்று கத்த வாய் திறந்தார். குரல் எழவில்லை.

அதுவரை விறைத்துக் கிடந்த பிள்ளை தோளில் நெளிந்தது. விளையாடப் போகிற அவசரம் அதற்கு. அவர் இறுக்க இறுக்க ஈரத்தில் வழுக்கியது. மார்பில். வயிற்றில். தொடையில். கால்கள் சேற்றைத் தொட்டன.

செந்தமிழ் சிரித்துக்கொண்டே ஓடி வந்தாள். இன்னும் பத்தடி. பிள்ளை அவளை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டியது.