நொச்சியடி மேடு

மேட்டில் ஒரு கரையான்கூட இல்லை. மதிவதனிக்கு அதுதான் உறுத்தியது.

வேங்கிக்காலில் புது வீட்டுக்கு முன்னால் கணவன் புகழேந்தி ஆசை ஆசையாய்ப் போட்ட புல்தரையை, ஆடி மாதம் அவள்தான் பெயர்த்து எறிந்தாள். குடம் குடமாய்த் தண்ணீர் குடித்துவிட்டு ஒரு வண்ணத்துப்பூச்சிக்குக்கூடப் பிரயோஜனமில்லாத புல். பள்ளியில் அறிவியல் நடத்துகிறவள். அவன் முகம் தொங்கிப்போனதைச் சட்டை செய்யவில்லை. நொச்சி, ஆவாரை, தும்பை வைத்தாள். தவளைகளுக்காக ஒரு சிமெண்டுத் தொட்டியைப் பதித்தாள். ஐப்பசி மழையில் எல்லாம் குப்பென்று வளர்ந்து, தேன்சிட்டும் ஓணானும் குடிவந்தன. புல்லுக்கடியில் கிடைத்த சின்னக் கருவளையலைக் கழுவி மகள் கவிநிலாவுக்குப் போட்டுவிட்டாள். நாலு வயதுக் கைக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது.

பிறகுதான் நொச்சியடியில் மண் எழும்பியது.

“புத்து, டீச்சர். வெள்ளிக்கிழமையில பால் ஊத்துங்க, நல்லது” என்றாள் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை.

தன் தோட்டத்துக்குப் பாம்பும் வரப்போகிறதென்று மதிவதனிக்கு உள்ளூரப் பெருமைதான். மூன்று வெள்ளி ஊற்றினாள். அந்த மூன்று வாரமும் கவிநிலா வீட்டில் பாலைத் தொடவில்லை. கேட்டால், “குடிச்சிட்டேம்மா” என்றாள். குழந்தை இளைத்துக்கொண்டே போனது. எந்த மருந்துக்கும் கேட்கவில்லை.

நான்காம் வெள்ளி, விளக்கு வைக்கும் நேரம். செம்போடு குனிந்தபோது ஈர மண் வாடையோடு புளித்த பாலும் வாடிய சாமந்தியும் சேர்ந்து நாறின; அவள் தோட்டத்தில் சாமந்தியே கிடையாது. மலைப் பக்கத்துக் காற்றில் நொச்சி இலைகள் உரசிக்கொண்டிருந்தன, ஆனால் பொழுது சாய்ந்தால் காதைத் துளைக்கும் தவளைகளில் ஒன்றுகூட வாய் திறக்கவில்லை.

பாஞ்சாலை மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

“புத்துன்னா மேல எழும்பும், டீச்சர். இது நீட்டுவாக்குல போவுதே. எங்க கீழ்பென்னாத்தூர் பக்கம் சின்னப் புள்ளைய பொதைச்சா இப்டித்தான் மேடு போட்டு பால்...” நிறுத்தினாள். “ஊத்தாதீங்க, டீச்சர்!”

அதற்குள் பாதிச் செம்பு கவிழ்ந்திருந்தது.

மடக்.

யாரோ விழுங்கும் சத்தம். மண்ணிலிருந்து இல்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து.

திரும்பினாள். கவிநிலா நின்றிருந்தாள். உதட்டோரம் பால். பல்லிடுக்கில் மண்.

“கவி, உள்ள போம்மா.”

ஒரு கையை நீட்டி மறித்தாள்.

மகள் அவளைக் கடந்து நடந்தாள். மேட்டின் மேல் மல்லாந்து படுத்தாள். உச்சி முதல் குதிகால் வரை, அளவு சரியாக இருந்தது.

செம்பை வீசியெறியப் பார்த்தாள் மதிவதனி. விரல்கள் பிரியவில்லை.

கவிநிலா கண்களை மூடினாள். வளையல் கையை நெஞ்சின் மேல் வைத்தாள். உயிர் பிரியக் காத்துக் கிடப்பவர்களைப்போல் வாயைத் திறந்தாள்.

“இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா.”

செம்பு சாய்ந்தது.