அரைக் கட்டில்

இந்தக் காலத்தில் யார் எப்போது தூங்குகிறார்கள், எப்போது விழிக்கிறார்கள் என்றே தெரியவில்லை. பொழுது விடிந்தால் எழும்ப வேண்டும், அடைந்தால் படுக்க வேண்டும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன், எனக்கே இது தெரிகிறது. நர்ஸுக்குப் படித்த மருமகளுக்குத் தெரியவில்லை.

எண்பத்து நாலாம் வருஷம் ஆனி மாசம், என் மருமகள் குழல்வாய்மொழி ஒரு மாச லீவில் பம்பாயிலிருந்து தென்காசிக்கு வந்தாள். மூன்று வருஷமாக அங்கேதான் நர்ஸ் வேலை. என் மகன் தளவாய் போலீஸ்காரன். அந்த மாசம் அவனுக்குக் குற்றாலத்தில் சீசன் டூட்டி. வீட்டில் நானும் என் சம்சாரம் ரெங்கம்மாளும்தான்.

வந்த மறுநாள் காலையில் மருமகள் முற்றம் தெளித்தாள், இட்லி அவித்தாள், எனக்கு இலை போட்டாள். எட்டு மணி ஆனதும் உள்ளறைக்குள் போய்ப் பாயை விரித்துப் படுத்துவிட்டாள்.

"என்ன இது? எட்டு மணிக்கு எவளாவது படுப்பாளா?" என்றேன்.

"இட்லியத் தின்னுட்டீருல்லா? அவ வேலை முடிஞ்சிட்டு, படுத்துட்டா. உமக்கு எங்கன வலிக்கி?" என்றாள் ரெங்கம்மாள். கல்யாணமான நாள் முதலாக இவள் எனக்குச் சாதகமாக ஒரு வார்த்தை பேசியதில்லை.

அது போகட்டும். சாயங்காலம் ஐந்து மணிக்கு விழுந்தடித்து எழும்பினாள். பாய் மேல் போட்டிருந்த விரிப்பை உருவி நாலாக மடித்து அக்குளில் இடுக்கினாள். தலையணையைத் தட்டி ஓரமாக வைத்தாள். பிறகு யாரோ உள்ளே வருவதற்கு வழி விடுகிற மாதிரி சுவரோடு ஒதுங்கி நின்றாள். யாரும் வரவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தனக்குத்தானே சிரித்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனாள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே.

"என்ன தாயி இது?" என்று கேட்டேன்.

"பழக்கம் மாமா" என்றாள். அடுப்பைப் பற்ற வைக்கப் போய்விட்டாள்.

நான் என் கட்டிலில் படுத்து யோசித்தேன். தேக்குக் கட்டில். போன வருஷம் எனக்கு முதுகு வலி என்றதும் அவள் பணம் அனுப்பி, செங்கோட்டையில் வாங்கியது. நல்ல கட்டில், அதில் குறை சொல்ல மாட்டேன். யோசிக்க யோசிக்க எல்லாம் விளங்கியது. அவள் போட்ட இன்லேண்டு கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். பைகுல்லா, தாதர், பாந்த்ரா என்று மூன்று மாசத்துக்கு ஓர் ஆஸ்பத்திரி விலாசம். ஒழுங்காக வேலை பார்க்கிறவளை எவன் மூன்று மாசத்தில் மாற்றுவான்? விரட்டியிருக்கிறான். ஏன் விரட்டினான்? சித்தம் கலங்கிவிட்டது.

சித்தம் கலங்கியவர்களுக்கு எங்கள் ஊர்ப்பக்கம் வைத்தியம் ஒன்றுதான். தலை நிறைய எண்ணெய் வைத்துக் குற்றாலம் அருவிக்கடியில் நிறுத்த வேண்டும். எங்கெங்கிருந்தோ வண்டி கட்டிக் கூட்டி வருகிறார்கள். எங்களுக்கு மூணு மைல்.

அவளுடைய தகப்பனாருக்கு வீரகேரளம்புதூருக்கு ஒரு கார்டு எழுதினேன். "உங்கள் மகளுக்குப் புத்தி சரியில்லை. பம்பாய்க்கும் வேண்டாம், இங்கேயும் வேண்டாம். வந்து கூட்டிப்போகவும்." உடுப்பு மாற்ற வீட்டுக்கு வந்த தளவாயிடம், தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தேன். படித்துப் பார்த்தான். முகம் கறுத்தது.

"அய்யா, பொறுத்துப் போடலாமே..."

"போடுலே."

சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டூட்டிக்குப் போனான்.

புதன்கிழமை காலையில் மூவரும் பஸ் ஏறினோம். உடம்புச் சூட்டுக்கு என்று மருமகளிடம் சொல்லியிருந்தேன். ரெங்கம்மாள் அவளைப் பெண்கள் பக்கம் கூட்டிப்போய்த் தலையில் எண்ணெயை வழிய விட்டாள். சும்மா நிற்பானேன் என்று நானும் எண்ணெய் தேய்க்கிற அய்யாக்குட்டியிடம் உட்கார்ந்தேன்.

"சித்தக் கலக்கத்துக்கு எத்தனை நாள் நிக்கணும்?" என்று கேட்டேன்.

அய்யாக்குட்டி என் முகத்தை ஒரு மாதிரியாகப் பார்த்தான். "எத்தனை நாளா இப்படி இருக்கு அண்ணாச்சி?"

"எனக்கில்லைவே. மருமகளுக்கு."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாக" என்று உச்சந்தலையில் இன்னும் ஒரு கை எண்ணெய் வைத்தான்.

மருமகள் ஒழுங்காக நிற்கிறாளா என்று பார்க்க எழும்பினேன். பாறையிலும் எண்ணெய், என் காலிலும் எண்ணெய். அடுத்த நிமிஷம் நான் மல்லாந்து கிடந்தேன். வலது தோள் கழன்று தொங்கியது. போட்ட சத்தத்தில் அருவிச் சத்தம் கேட்கவில்லை என்று பிற்பாடு சொன்னார்கள்.

சொட்டச் சொட்ட ஓடி வந்தாள் குழல்வாய்மொழி. கூட்டத்தை விலக்கினாள். குனிந்து என் கண்ணைப் பிதுக்கிப் பார்த்தாள்.

"மாமா, இன்னைக்கு என்ன கிழமை?"

"செவ்வாய்."

"இது எந்த ஊரு?"

"ஏன், உனக்குத் தெரியாதா?"

"நான் யாரு, சொல்லுங்க?"

உயிர் போகிற வலியில் இவள் யாரென்று நான் எதற்குச் சொல்ல வேண்டும்? வாயை மூடிக்கொண்டேன்.

"நான் அப்பவே நெனைச்சேன்" என்றான் அய்யாக்குட்டி கூட்டத்தைப் பார்த்து. "சித்தம் கலங்கினது இவருக்குத்தான். பாவம், நல்ல மருமக, கூட்டியாந்திருக்கா."

நான் மறுத்துப் பேச வாய் திறந்தபோது அவள் என் அக்குளில் காலை ஊன்றி, கையைப் பிடித்து மெதுவாக இழுத்தாள். 'கடக்'கென்றது. வலி பாதியாகிவிட்டது. என் துண்டாலேயே கையைத் தூளி கட்டினாள்.

"எங்கட்டி படிச்ச இதை?" என்றாள் ரெங்கம்மாள்.

"எலும்பு வார்டுல மூணு மாசம் இருந்தேன் அத்தை. எந்த ஆஸ்பத்திரியில ஆள் குறையுதோ அங்கன எங்க ஏஜென்சி அனுப்பும். மூணு மாசம் பாத்துட்டு அடுத்த இடம். அப்படிப் போறவங்களுக்குச் சம்பளம் கூட."

"அப்ப விரட்டலையா?" என்றேன் நான்.

"யாரு மாமா விரட்டுனா?"

ரெங்கம்மாள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "அப்பம் அந்த விரிப்பு? யாருக்கு ஒதுங்கி நிக்க?" என்றாள்.

மருமகள் தலையைக் குனிந்தாள். "பம்பாயில வாடகை கொடுத்து மாளாது அத்தை. கொல்லத்துக்காரி மரியம்மாவும் நானும் ஒரு கட்டிலை எடுத்திருக்கோம். அவளுக்குப் பகல் டூட்டி, எனக்கு ராத்திரி. பகல்ல நான் படுப்பேன். சாயங்காலம் அவ அசந்து வருவா, அதுக்குள்ள எந்திரிச்சு இடம் விடணும். இங்கன வந்தும் அஞ்சு மணிக்குத் தூக்கிப் போடுது..."

"மூணு வருசமாவா? அரைக் கட்டில்லயா?" ரெங்கம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடி பாவி மகளே... அப்படி இருந்துக்கிட்டு இந்த மனுசன் உருளுததுக்குத் தேக்குக் கட்டில் வாங்கிக் குடுத்திருக்கியே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா நீ?"

"சொன்னா திரும்பி வரச் சொல்லுவீங்க. மாமாவுக்கு முதுகு வலி..."

இரண்டு பேரும் ஈரச் சேலையோடு கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் மூக்கைச் சிந்தினார்கள். இழுபட்ட தோள் என்னுடையது, அழுகை அவர்களுக்கு.

கூட்டத்தை விலக்க விசில் ஊதிக்கொண்டு வந்த போலீஸ்காரன் தளவாய்தான். நடந்ததைக் கேட்டான். சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்து, என் முன்னால் நாலாகக் கிழித்தான்.

"போடலையாலே நீ?"

"இல்லைய்யா." அவன் என்னை எதிர்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது.

வீட்டுக்கு வந்ததும் தாயும் மகனுமாகத் தேக்குக் கட்டிலைத் தூக்கி உள்ளறையில் போட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் சரியாக ஐந்து மணிக்கு மருமகள் எழும்பி விரிப்பை உருவினாள். ரெங்கம்மாள் ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

"படுட்டி. யாரும் வரமாட்டாக. முழுக் கட்டிலும் ஒனக்குத்தான்."

அவள் படுத்தாள். ஒருக்களித்து, கட்டிலின் ஓரமாகவே படுத்தாள். ரெங்கம்மாள் நடுவுக்குத் தள்ளிவிட்டாள். ஆறு மணி ஆயிற்று, ஏழு மணி ஆயிற்று, அவள் அசையவில்லை.

"பாத்தியா?" என்றேன் நான். "ஒரே குளியல்ல தெளிஞ்சிட்டு. இன்னும் பத்து நாள் நிறுத்தினா பூரணமாயிடும்."

"உம்மத்தான் நிறுத்தணும்" என்றாள் ரெங்கம்மாள்.

இவர்களிடம் பேசிப் பிரயோஜனமில்லை. நல்ல கையால் பாயைச் சுருட்டிக்கொண்டு மாட்டுத் தொழுவத்துப் பக்கம் நடந்தேன். அரைக் கட்டிலாம், ஏஜென்சியாம். அவளைத் தெளிய வைத்தது அருவித் தண்ணீர்தான். யார் என்ன சொன்னாலும் சரி.